புளியங்கன்றைச் சாடிக் குறுமரமாக உருவாக்குதல்

ஓங்கி வளரும் இயல்புடைய மரமொன்றின் கன்றை எடுத்து, ஆழங்குறைந்த சாடியில் நட்டு, பல்லாண்டு பேணி, முதுமரத்தின் தோற்றத்தை ஒன்றரை அடி உயரத்துக்குள் உண்டாக்கும் தொழிலை யப்பானியர் பொன்சாய் என வழங்குவர். தட்டில் நடப்பட்டது என்பது அச்சொல்லின் பொருள். இப்பிரசுரத்தில் அதனைக் குறுமரம் எனக் குறிப்பிடுவோம். வீட்டுத் தோட்டக்காரர் பலர் இம்முயற்சியில் ஈடுபட்டு, ஈராண்டு மூவாண்டில் மனஞ் சலித்துக் கைவிடுவதை நாம் காண்கின்றோம். அவர்களது முற்றத்தில் எஞ்சியிருப்பது பென்சில் பருமனான தண்டும் நான்கு கிளைகளும் உடைய ஒரு சாடிச்செடியேயன்றி மரமன்று.

இதற்குக் காரணம் ஒன்றே. கன்று முளைத்தவுடன் அதனைச் சிறு சாடிக்குள் அடைத்துவிடுகின்றனர். சாடியிலே வளர்த்து, சாடியிலே கத்தரித்து வந்தால் நாளடைவில் தண்டு பருக்கும் என எண்ணுகின்றனர். அது பருப்பதில்லை. குறுமரத்தின் அடிமரமும் வேர்ப்பரப்பும் நிலத்திலே உருவாக்கப்படுபவை. சாடி இறுதியில் வருவது. இவ்வொழுங்கை மாற்றியவர் பத்தாண்டு உழைப்பினும் பயன் காணார்.

மரந்தெரிதல்

யப்பானியர் இத்தொழிலுக்கு ஊசியிலை மரங்களையும் மேப்பிள் மரத்தையும் சிறப்பாகக் கொள்வர். 1923ஆம் ஆண்டின் பெரு நிலநடுக்கத்தின் பின் தோக்கியோ நகரை விட்டு வெளியேறிய குறுமரத் தோட்டக்காரர் 1925இல் ஓமியா என்னுமிடத்தில் குடியேறி ஒரு கிராமத்தையே அமைத்தனர். அங்கு இன்றும் மேப்பிள் மரங்களைச் சாடிகளிற் காணலாம். கைவிரல்போற் பிரிந்த இலைகளையுடைய இம்மரம் இலையுதிர் காலத்திற் செந்நிறங் கொண்டு, குளிர்காலம் முழுவதும் இலையின்றி உறங்கும். அவ்வுறக்கமே அதற்கு உயிர். நுவரெலியாவிற் சில இரவுகளில் உறைபனி விழுகின்றதேனும் மாதக்கணக்கான குளிர்காலம் அங்குமில்லை. யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் மட்டக்களப்பையும் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. படத்திற் கண்ட மேப்பிள் மரத்தில் ஆசை வைத்து அதன் விதையை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர் பணத்தை இழப்பதோடு, வெளிநாட்டு நோய் பூச்சிகளையும் உடன் வரவழைக்கக்கூடும்.

மேப்பிள் மரத்தை வளர்க்கும் முறையை நாம் கற்றுக்கொள்ளலாம். மரம் எமது நிலத்துக்குரியதாக இருத்தல் வேண்டும். உலர் வலயத்தோருக்குப் புளியே மிகப் பொருத்தமானது என்பது எமது கருத்து. ஆலும் அரசும் இச்சியும் எளிதில் வளருமாயினும் ஆலிலையும் அரசிலையும் பெரியவை. ஓரடி உயர மரத்தில் உள்ளங்கை அகல இலை நின்றால் மரம் சிறிதெனக் கண்ணுக்கு உடனே புலப்பட்டுவிடும். புளியின் ஒவ்வோர் இலையும் பத்துக்கு மேற்பட்ட சோடிச் சிற்றிலைகளாகப் பிரிந்திருத்தலால் இக்குறை அதற்கில்லை. அதன் பட்டை முதிர முதிர வெடித்துக் கருமை கொள்ளும். வறட்சியைத் தாங்கும். வெட்டிய இடத்தின் கீழிருந்து தளராது துளிர்க்கும். தெருவோரத்தில் ஆடு மாடு கடித்துக் கடித்துக் குட்டையாகிப் பருத்து நிற்கும் புளியங்கன்றுகளைப் பாராதவர் எவருமிலர். குறுமரத் தொழிலின் முதற் பாடத்தை அவ்வாடுகள் எமக்குக் காட்டியுள்ளன எனலாம்.

அவ்வாறு இயற்கையிற் குறுகிய கன்று சொந்தக் காணியில் நின்றாற் தோண்டிக்கொள்ளலாம். பிறர் காணியிலாயின் உடையவரின் இசைவு வேண்டும். ஒதுக்குக் காடுகளில் அனுமதியின்றி மரங் கிளப்புதல் சட்டப்படி குற்றமாகும்.

வேரைத் திருத்துதல்

புதிய புளியம்பழத்தின் விதைகளை ஒரு பகலும் ஓர் இரவும் நீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் நாற்றுமேடையில் இடுக. ஒன்றிரண்டு வாரங்களில் முளைக்கும். ஒரு கன்று வேண்டியவர் பத்து விதையாவது இடுதல் நன்று. அடியிலே சிறிது வளைந்து எழும் கன்று குறுமரத்துக்குச் சிறந்ததாகலின், தெரிந்தெடுக்க இடமிருத்தல் வேண்டும்.

புளி ஆழமான ஆணிவேர் விடும் மரம். நிலத்தில் நிற்கும் மரத்துக்கு அது பலம். இரண்டங்குல ஆழச் சாடிக்கோ அது பகை. கன்று நான்கங்குல உயரம் வளர்ந்து இரண்டு மூன்று இலைகள் விரிந்ததும், மேடையை நன்றாக நனைத்து, கன்றை மெல்லக் கிளப்பி, ஆணிவேரின் கீழ்ப்பாதியைக் கூரிய கத்தியால் வெட்டிவிடுக. பின் சிறு சாடியிலோ பொலித்தீன் பையிலோ நட்டுப் பத்து நாள் நிழலில் வைத்திருக்க, வெட்டுவாயைச் சுற்றிப் பக்கவேர்கள் புறப்படும்.

அடுத்த மாரி தொடங்கும் வேளையில் இக்கன்றை நிலத்துக்கு மாற்றுதல் வேண்டும். நடும் குழியின் அடியில், மேற்பரப்பிலிருந்து மூன்றங்குல ஆழத்தில், ஓரடி அகலமான தட்டையோடு ஒன்றைக் கிடையாக வைக்குக. அவ்வோட்டின் நடுவிலே கன்றை நிறுத்தி, பக்கவேர்களை வண்டிச்சில்லின் ஆரைக்கால்கள்போல நாற்புறமும் பரப்பி, மண்ணிட்டு மூடுக. கீழே செல்ல வழியின்மையால் வேர்கள் கிடையாக ஓடிப் பருக்கும். பிற்காலத்திற் சாடியின் மண்ணின்மேல் அவ்வேர்கள் தோன்றி, மரம் நிலத்தைப் பற்றி நிற்பதுபோன்ற உறுதியைக் கொடுக்கும். ஒரு பக்கத்தில் மாத்திரம் வேருள்ள மரத்தை எவ்வளவு அழகாகக் கத்தரித்தாலும் அது சரியப்போவதுபோன்றே தோன்றும். வேரைப் பின்னர் திருத்தலாமென ஒத்திவைப்பது கூடாது. பருத்த வேரை வளைக்க இயலாது.

அடிமரத்தைப் பருக்கச் செய்தல்

இப்பகுதியைக் கமக்காரர் ஊன்றிப் படித்தல் வேண்டும். தண்டு பருப்பது எவ்வாறு? பட்டைக்கும் மரத்துக்கும் இடையே மாறிழையம் எனப்படும் மெல்லிய படையொன்றுண்டு. இலைகள் சூரிய ஒளியில் ஆக்கும் உணவு பட்டைவழியே கீழிறங்கி அப்படையை ஊட்ட, அது உட்புறமாகப் புதிய மரத்தை இட்டுக்கொண்டே செல்லும். ஆகவே தண்டின் ஒரு பகுதி எவ்வளவு பருக்கும் என்பது அதற்கு மேலே எத்துணை இலை நிற்கின்றது என்பதைப் பொறுத்தது. மேலே பத்து இலை நின்றாற் பத்து இலைக்குரிய பருமனே கிடைக்கும். நாள்தோறும் நுனி கிள்ளிச் சாடியில் அடைத்த கன்று ஆண்டு பல சென்றும் மெலிந்து நிற்பதன் காரணம் இதுவே.

எனவே நிலத்தில் நட்ட கன்றைக் கத்தரியாது விடுக. மூன்றடி இடைவெளியில், முழு வெயில் படும் இடத்தில் நட்டு, ஏனைய பயிருக்கு இடுவதுபோல் எருவும் நீரும் கொடுக்குக. ஆறடி, எட்டடி உயரத்துக்கு அது ஓங்கி வளரட்டும். குறுமரம் வேண்டுமென்று நட்டோமே, இது நெடுமரமாகின்றதே என வீட்டார் கேட்பர். அவ்வுயரம் முழுவதும் பின்னர் வெட்டியெறியப்படுவது. அடிமரத்தைப் பருக்கச் செய்வதற்காக வைக்கப்பட்ட கூலியாள் என அதனைக் கொள்க. அடியில் முளைக்கும் ஓரிரு சிறு கிளைகளையும் அகற்றலாகாது. அவையும் அடிப்பாகத்தைப் பருக்கச் செய்யும். முதல் வெட்டின் பின் புதிய தலைமைத் தண்டாகவும் பயன்படும். ஈராண்டுக்கொருமுறை, மாரித் தொடக்கத்தில், தண்டிலிருந்து முக்காலடி தூரத்தில் மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்கி வட்டமாக வேரை அறுத்துவிட்டால், நீண்டோடிய வேர்கள் தண்டினருகே கிளைக்கும். பின்னர் மரத்தைக் கிளப்புவதும் எளிதாகும்.

மண்ணின் மேல் ஓரங்குலத்தில் தண்டின் குறுக்களவு இரண்டங்குலத்தை அண்மியதும் முதல் வெட்டுக்குரிய காலம் வந்துவிட்டது. நிலவளத்தையும் நீரையும் பொறுத்து மூன்று நான்கு ஆண்டோ அதற்கு மேலோ செல்லலாம். குறுமரத்தின் உயரம் அடிக் குறுக்களவின் ஆறு மடங்கு அளவில் அமைவது கண்ணுக்கு இசைவானது. இரண்டங்குல அடிக்கு ஓரடி உயரம். அவ்வுயரத்தின் மூன்றிலொரு பங்கில், அதாவது நாலங்குலத்தில், முதல் வெட்டு விழவேண்டும். எட்டடி மரத்தை நாலங்குலத்தில் வெட்டக் கை கூசும். கூசியவர் ஓரடியில் வெட்டுவர். அம்மரம் அடிமுதல் நுனிவரை ஒரே பருமனுடைய கம்பம்போல் நிற்கும்; வயதான மரத்தின் கூம்பிய வடிவம் அதற்கு ஒருநாளும் வாராது.

வெட்டுதற்குரிய காலம் முதன்மழையில் நிலம் நனைந்த பின்னர். கூரிய வாளால், தெரிந்துகொண்ட அரும்புக்கோ சிறு கிளைக்கோ அரை அங்குலம் மேலே, பின்புறஞ் சரிய அறுக்குக. அரும்பை ஒட்டி அறுத்தல் ஆகாது. புளி வெட்டுவாயிலிருந்து சிறிது கீழ்நோக்கிக் காயும் இயல்புடையது. அறுத்த வாயில் மெழுகோ வெட்டுவாய்ப் பசையோ பூசி மழைநீர் ஊறாது காத்தல் வேண்டும். சில வாரங்களிற் பல துளிர்கள் எழும். அவற்றுள் வன்மையான ஒன்றைத் தலைமைத் தண்டாகக் கொண்டு, எஞ்சிய அடிக்கட்டையோடு தும்புக் கயிற்றால் தளரக் கட்டி நிமிர்த்துக. ஏனையவற்றுள் இரண்டு மூன்றை மாத்திரம் பிற்காலக் கிளைகளுக்காக விட்டுவைக்கலாம். புதிய தண்டு ஓங்கி வளர்ந்து, அடிமரத்தின் மூன்றில் இரண்டு பங்கு பருமன் அடைந்ததும் அதனையும் வெட்டுக. இம்முறை முதற் பகுதியிலும் சற்றுக் குறைந்த நீளத்தில், எதிர்ப்புறம் நோக்கிய அரும்பின்மேல். இவ்வாறு மும்முறை வெட்டிய மரம் படிப்படியாக ஒடுங்கி, இடமும் வலமுமாக மெல்ல வளைந்து எழும். காய்ந்த கட்டையை அடுத்த வளர்ச்சிப் பருவத்தில் உளியாற் செதுக்கி, வாயைச் சிறிது குழிவாக விட்டால், மூடிவரும் பட்டை புடைக்காது சமமாகப் பொருந்தும்.

கிளைகள்

அடிமரம் அமைந்தபின் கிளைகளை ஒழுங்குசெய்தல் கடினமன்று. கீழிருந்து மூன்றிலொரு பங்கு உயரம் வெறுந்தண்டாக இருக்கட்டும். அதன்மேல் ஒன்று இடப்புறமும் ஒன்று வலப்புறமும் ஒன்று பின்புறமுமாக, மேலே செல்லச் செல்ல நெருங்கிக் கிளைகள் அமைதல் வேண்டும். கிளைகள் வளைவின் வெளிப்புறத்திலிருந்து எழுதல் வேண்டும். உட்புறத்தில் எழுபவற்றை அகற்றுக. முன்னே கண்ணைக் குத்துவதுபோல் நீளும் கிளையையும், ஒரே மட்டத்தில் இருபுறமும் கைநீட்டியதுபோல் நிற்கும் இரண்டில் ஒன்றையும் அகற்றுக. கிளை மெலிந்திருப்பின் அதே விதியை இங்கும் கையாளலாம்: நுனியை வெட்டாது நீளவிடுக, பருக்கும், பருத்தபின் வெட்டுக.

மேப்பிள் மரத்தில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். ஆதலால் நுனியைக் கிள்ளினால் இரண்டு துளிர்கள் ஒருங்கே எழுந்து கவராகப் பிரியும். புளியின் இலைகள் ஒன்றுவிட்டொன்றாக மாறி மாறி நிற்பன. இங்கே கிள்ளுபவர் ஒரு தெரிவு செய்தல் வேண்டும். எந்த இலையின்மேல் வெட்டுகின்றோமோ அவ்விலையின் கக்கத்திலுள்ள அரும்பே அடுத்த கொம்பாகும். இலை நோக்கும் திசையே கொம்பின் திசை. துளிர் ஐந்தாறு இலை விட்டதும், வேண்டிய திசையை நோக்கும் இரண்டாம் அல்லது மூன்றாம் இலையின்மேல் வெட்டுக. கம்பி எதுவும் இல்லாமலே, கத்தரிக்கோலால் மாத்திரம், நான்கைந்து பருவங்களில் நுண்ணிய கொம்புகள் நிறைந்த மரத்தைப் பெறலாம். மேற்கொம்புகளை அடிக்கடியும் கீழ்க்கொம்புகளை அருமையாகவும் கிள்ளுதல் வேண்டும். புளியின் வன்மை உச்சியை நோக்கியே ஓடுவது; உச்சியை அடக்காவிடின் கீழ்க்கிளை மெலிந்து காயும்.

கம்பி கட்டி வளைக்க விரும்புவோர் கிளை பசுமை மாறித் தவிட்டு நிறங் கொள்ளும் பருவத்தில் அதனைச் செய்க. முற்றிய புளங்கொம்பு வளையாது, முறியும். கிளையின் மூன்றிலொரு பங்கு பருமனுள்ள அலுமினியக் கம்பியோ, மின்சார வடத்திலிருந்து உரித்தெடுத்த செப்புக் கம்பியோ போதும். அரைச் செங்கோணச் சரிவிற் சுற்றி, இரு பெருவிரல்களையும் வளைவின் உட்புறம் வைத்து மெல்ல வளைக்குக. யப்பானிய நூல்களிற் கம்பியைப் பல மாதம் விட்டுவைக்கும்படி கூறப்பட்டிருப்பதைக் கண்டு எம்மவர் அவ்வாறே விட்டுவிடுவர். குளிர்நாட்டு மரத்துக்கு அது பொருந்தும். எமது நாட்டில் மாரிக்காலத்துக் கொம்பு சில வாரங்களிலேயே பருத்துக் கம்பியை விழுங்கிவிடும். அத்தழும்பு பல்லாண்டு மாறாது. கிழமைதோறும் பார்த்து, கம்பி பட்டையை அழுத்தத் தொடங்கியவுடன் வெட்டுக்குறட்டால் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துவிடுக. சுற்றைக் கழற்ற முயன்றாற் கொம்பு முறியலாம்.

சாடிக்கு மாற்றுதல்

நிலத்திலிருந்து கிளப்புமுன் கிளைகளைக் குறுக்கிக்கொள்க. வேர் குறையும்போது இலையும் குறையவேண்டும். அரும்புகள் புடைத்துத் துளிர்க்க ஆயத்தமாய் நிற்கும் வேளையே உகந்தது. ஆனி முதல் ஆவணி வரை சோளகக் காற்று வீசும் பிரதேசங்களில் அக்காலத்தில் இவ்வேலையைச் செய்தலாகாது. மண்ணுருண்டையோடு கிளப்பி, கீழ்நோக்கிய வேர்களை அறுத்து, முதலில் ஆழமான பெட்டியிலோ மண்சட்டியிலோ ஓராண்டு வைத்திருந்து, மயிர்வேர்கள் பெருகிய பின்னரே ஆழங்குறைந்த சாடிக்கு மாற்றுதல் நன்று.

சாடியின் ஆழம் அடிமரத்தின் குறுக்களவுக்கு ஏறக்குறையச் சமமாகவும், நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காகவும் இருக்கலாம். அடியில் நீர் வடியும் துளைகள் இரண்டேனும் இன்றியமையாதவை. துளையின்மேல் வலைத்துண்டு வைத்து, அத்துளைவழியே கம்பி கோத்து, மரத்தைச் சாடியோடு கட்டிவிடுக. காற்றில் ஆடும் மரத்தின் இளவேர் அறுந்துகொண்டேயிருக்கும்.

மண்ணிலே தான் பலர் தவறுகின்றனர். தோட்டத்துச் செம்மண் தோட்டத்துக்கு நல்லது; சாடியில் அது நீர் ஊற்ற ஊற்ற இறுகி வேருக்குக் காற்றில்லாது செய்யும். உடைத்த செங்கற் சல்லி இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கு எனக் கலந்துகொள்க. செங்கற் சல்லியும் மணலும் எள்ளின் பருமனுக்கும் மிளகின் பருமனுக்கும் இடைப்பட்டவையாக இருக்கவேண்டும். அரிதட்டில் இறங்கிய தூளை நீக்கிவிடுக. மணல் ஆற்று மணலாதல் வேண்டும். கடற்கரை மணலில் உப்புண்டு.

இவ்வாறான மண் நீரை விரைவில் வடியவிடுமாதலால் நாள்தோறும் ஒருமுறையும், கோடையில் இருமுறையும், அடித்துளையால் நீர் வழியும்வரை ஊற்றவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல்லிலிருந்து ஊறுவது. பல இடங்களில் உவரும் கலந்தது. சாடியின் விளிம்பில் வெண்படை படிவதும் சிற்றிலைகளின் ஓரம் கருகுவதும் இதன் அறிகுறிகள். மாரியிற் கூரைநீரைத் தொட்டியிற் சேர்த்துவைத்து, மாதத்தில் ஒன்றிரண்டு முறையாவது அந்நீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவிவிடுக.

வேர் வெட்டி நட்டபின் ஒரு மாதம்வரை பசளை இடலாகாது. அதன்பின் வளர்ச்சிப் பருவத்தில் மாதமொருமுறை சிறிதளவு பிண்ணாக்குத் தூளோ நீரிற் கரைத்த பசளையோ போதும். ஈராண்டுக்கொருமுறை மரத்தை எடுத்து, வேர்த்தொகுதியில் மூன்றிலொரு பங்கை வெட்டி, புதுமண் இட்டு நடவேண்டும். வேர் வெட்டாது விடப்பட்ட மரம் சாடியை வேரால் நிறைத்து, நீர் இறங்க இடமின்றி, பார்க்கச் செழிப்பாயிருக்கும்போதே சட்டென்று பட்டுப்போகும்.

ஒழுங்காகப் பேணினாற் குறுமரம் மனித வாழ்நாளைக் கடந்து நிற்கும். 1625ஆம் ஆண்டு முதல் பேணப்பட்ட யப்பானிய வெண்பைன் ஒன்று, 1945இல் இரோசிமாவிற் குண்டு விழுந்தபோது அவ்விடத்திலிருந்து சுமார் இரண்டு மைல் தூரத்திலிருந்த யமாகி குடும்பத்தாரின் தோட்டத்தில் தப்பிப் பிழைத்து, 1976இல் அமெரிக்க மக்களுக்கு நன்கொடையாக வழங்கப்பட்டு, வாசிங்டன் நகரின் தேசிய மரத்தோட்டத்தில் வைக்கப்பட்டது. அக்குடும்பத்திற் பல தலைமுறையினர் அதற்கு நீரூற்றியிருக்கின்றனர்.

இடமும் காவலும்

குறுமரம் வீட்டினுள் வைக்கும் அலங்காரப் பொருளன்று. விருந்தினருக்குக் காட்ட ஒருநாள் விறாந்தைக்கு எடுத்துவரலாம். மறுநாள் வெயிலுக்குச் செல்லவேண்டும். வரவேற்பறையில் நிரந்தரமாக வைக்கப்பட்ட புளியின் துளிர்கள் வெளிறி நீண்டு, பின் இலைகள் மஞ்சளாகி உதிரும். அப்பொழுது நீர் போதவில்லையென மேலும் மேலும் ஊற்றுவர். வேர் அழுகி மரம் இறக்கும். மாலையிற் சிற்றிலைகள் கூம்புவதைக் கண்டு வாடலென அஞ்சவேண்டாம். அது புளியின் இயல்பு. விடிந்ததும் விரியாவிடின் மாத்திரம் மண்ணையும் வேரையும் பார்க்குக.

சாடியை நிலத்தில் வைக்காது, இடுப்பளவு உயரமான கற்றளத்தில் வைத்தால் ஆட்டுக்கும் கோழிக்கும் தப்பும்; வேரும் துளைவழியே நிலத்திலிறங்காது. சோளகக் காலத்தில் சாடியின் மேற்குப் புறம் கிடுகினால் மறைப்பிடுக. வெண்மூட்டுப்பூச்சியும் செதிற்பூச்சியும் கொம்புகளின் கவடுகளில் ஒட்டியிருக்கும். எறும்பு வரிசை மரத்தில் ஏறுமாயின் அவை அங்கு உண்டென அறிக. சிறு மரமாதலால் நஞ்சு தெளிக்கவேண்டிய தேவை அருமை. சவர்க்கார நீரில் தோய்த்த பழைய பற்தூரிகையால் துடைத்து, நல்ல நீரால் அலம்பி, ஒரு கிழமை கழித்து மீண்டும் பார்க்குக. சில நாட்கள் ஊரைவிட்டுச் செல்பவர், அயலாரிடம் நீரூற்றும் பொறுப்பை ஒப்படைக்குமுன், ஊற்றவேண்டிய அளவை ஒருமுறை தாமே ஊற்றிக் காட்டிவிட்டுச் செல்லுதல் நன்று. அடித்துளையால் நீர் வழியவேண்டும் என்பதைச் சொல்லிக் கேட்டவரிலும் கண்டவரே நினைவில் வைத்திருப்பர்.